தரவைப் புல்லைப் பேராதனையில் சேர்ப்பது எப்படி: வன்னியில் உலர்மாதிரி எடுக்கத் தொடங்குவோருக்கு

வன்னியின் தரவைகளிலும் (மாடு மேயும் திறந்த வெளிகள்), குளங்களின் அலைகரைகளிலும் (நீர் ஏறி வடியும் ஓரங்கள்), உப்பேறிய களப்போரங்களிலும் வளரும் புற்களை முறைப்படி உலர்த்திப் பதிவுசெய்து, பேராதனைத் தாவரவியற் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரகத்தில் (உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டி, விவர லேபலோடு காக்கும் இடம்) சேர்க்க விரும்பும் மாணவர்கள், ஆசிரியர்கள், ஆர்வலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். செடியை அழுத்தி உலர்த்தும் முறை பாடசாலை விஞ்ஞான நூலிலேயே ஓரளவு இருக்கிறது. ஆனால் யாரிடம் எந்தக் கடிதம் வாங்க வேண்டும், எந்த மாதத்தில் தொடங்க வேண்டும், பணம் எங்கே போகும், எந்தக் குறையால் நல்ல மாதிரியும் பயனற்றுப் போகும் என்பனவற்றை ஓரிடத்தில் தொகுத்துச் சொன்னவர் எவரையும் நான் காணவில்லை. ஒரு மேசை இன்னொரு மேசைக்கு அனுப்ப, அந்த மேசை மறுபடியும் முதல் மேசைக்கே அனுப்பத்தான் அவற்றை அறிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் கொள்ளுங்கள். இந்த வேலையில் புல்லைப் பிடுங்குவது மிகச் சிறிய பகுதி. அதற்கு முன்னும் பின்னும் எழுதப்படும் எழுத்துத்தான் மாதிரிக்குப் பெறுமதி தருகிறது.

1. பழைய பதிவுகளைத் தேடிப் பாருங்கள்

உலக நாடுகளின் உலர்தாவரகப் பதிவுகளைத் திரட்டி இலவசமாகத் தரும் ஜிபிஐஎஃப் என்ற இணையத் தரவுத்தளத்தில், நீங்கள் எடுக்க நினைக்கும் புல்லின் விஞ்ஞானப் பெயரையும் இலங்கையையும் கொடுத்துத் தேடினால், இதற்கு முன் யார், எங்கே, எப்போது எடுத்தார்கள் என்பது தெரியவரும். உதாரணமாக, ஏலுரோபஸ் லாகோபாய்டிஸ் என்னும் உவர்நிலப் புல் வட ஆபிரிக்கா, அரேபியா முதலிய வறண்ட நாடுகளின் உப்புச் சதுப்புகளிலிருந்து இந்தியா வழியாக இலங்கையின் உலர்ந்த கரைகள் வரை பரவியுள்ளது. பாலைவனச் சதுப்பில் எடுத்த தாளும் நமது பக்கத்தில் எடுத்த தாளும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து வரும்போது, இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது லேபலில் எழுதியிருக்கும் இடக்குறிப்பு ஒன்றுதான்.

இங்கே இரண்டு பொறிகள் உண்டு. பழைய தாள்கள் பலவற்றில் ஆள்கூறு இல்லை. பின்னாளில் கணினியில் ஏற்றியவர்கள் சிலவேளை நாட்டின் நடுப்புள்ளியையே இடமாகக் கொடுத்துவிடுவதால், கடற்கரைப் புல் ஒன்று நாட்டின் நடுவே முளைத்ததுபோல் படத்தில் தெரியும். அந்தப் புள்ளியை நம்பாமல், லேபலின் படம் இருந்தால் அதைத் திறந்து வாசியுங்கள். இரண்டாவது, இடப்பெயர். மன்னாரின் கட்டுக்கரைக்குளம் பழைய பதிவுகளில் ஜயன்ட்ஸ் டாங்க் என்றே இருக்கும். ஆகையால் ஒரு குளத்தை அதன் எல்லாப் பெயர்களிலும் தேட வேண்டும்.

2. நிலம் யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்று கண்டறியுங்கள்

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இந்தப் படியிலேயே தடுக்கி விழுகிறார்கள். பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும் இரண்டு தரவைகள் இரண்டு திணைக்களங்களின் கீழ் இருக்கலாம். மாடு மேயும் வெளி என்பதற்காக அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் ஆகிவிடாது.

2015ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளமும் மடு வீதியும், 2010 முதல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இருக்கும் வங்காலைச் சரணாலயமும், கட்டுக்கரைக்குளம், கொக்கிளாய் ஆகிய சரணாலயங்களும், நந்திக்கடலும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பார்வையில் உள்ளவை. அங்கே ஓர் அறுகம்புல்லைப் பிடுங்குவதானாலும் பத்தரமுல்லையிலுள்ள தலைமையகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். ஒதுக்கப்பட்ட காடுகளுக்கு, அதே பத்தரமுல்லையிலிருக்கும் வனத் திணைக்களத்தின் அனுமதி தனியாக வேண்டும். ஒன்றின் கடிதத்தை மற்றது ஏற்காது.

குளங்களில் பெரியவை சில மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் சில மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும் உள்ளன. ஏறத்தாழ 200 ஏக்கருக்குக் குறைவான வயலுக்கு நீர் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும். எந்தக் குளம் எவரிடம் என்று ஊகிக்காமல் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். அங்கே நின்றபடியே அந்தக் குளத்தின் கமக்கார அமைப்புத் தலைவரின் பெயரையும் அறிந்துகொள்ளலாம். சட்டப்படி அவருடைய கையொப்பம் தேவையோ இல்லையோ, அவரிடம் சொல்லாமல் குளக்கட்டில் மண்வெட்டியோடு நிற்பது நல்லதல்ல. கட்டின் மண்ணையோ துருசு (மதகு), வான் (மிகைநீர் வழியும் இடம்) ஆகியவற்றை அண்டிய புற்கரணையையோ தோண்டுவதை எந்தக் கமக்காரரும் பொறுக்க மாட்டார், பொறுக்கவும் கூடாது. அந்தப் புல்தான் கட்டை அரிப்பிலிருந்து காக்கிறது. அலைகரைப் பக்கம் போய் எடுங்கள்.

தனியார் வயல் வரம்பென்றால் உரிமையாளரின் சம்மதம் போதும். ஆனால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிலம் எவருடையதாக இருந்தாலும், தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை பாதுகாக்கப்பட்ட செடிகளைத் தருகிறது. நீங்கள் தேடும் இனம் அதில் இல்லை என்பதைப் புறப்படுவதற்கு முன்பே உறுதிசெய்யுங்கள்.

3. கடிதங்களை ஆயத்தம் செய்யுங்கள்

தனி ஆளாக எழுதும் கடிதத்துக்குப் பதில் வருவது அரிது. வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையிலோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள அதன் விவசாய பீடத்திலோ ஒரு விரிவுரையாளரை அணுகி, உங்கள் வேலைக்கு அவர் பொறுப்பாளராக இருப்பதாக ஒரு கடிதம் பெற்றுக்கொண்டால் மற்றக் கதவுகள் எளிதாகத் திறக்கும். பாடசாலைக் கழகமென்றால் அதிபரின் கடிதமும் வேண்டும்.

அனுமதி விண்ணப்பத்தில் இவற்றை மறவாமல் எழுதுங்கள்: எடுக்கவிருக்கும் இனங்களின் பட்டியல், ஒவ்வோர் இனத்திலும் எத்தனை செடி, எந்தெந்த இடம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, உங்களோடு வருபவர்களின் பெயரும் அடையாள அட்டை இலக்கமும், வாகன இலக்கம், மாதிரிகள் கடைசியில் எங்கே வைக்கப்படும் என்பது. “வேரோடு முழுச்செடி” என்ற சொற்கள் விண்ணப்பத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். “தாவர மாதிரி” என்று மட்டும் எழுதிப் பெற்ற அனுமதியை, இலை பறிக்க மட்டுமே தந்தது என்று களத்திலிருக்கும் உத்தியோகத்தர் பொருள்கொண்டால் அவரோடு வாதாட முடியாது. வேரில்லாத புல் மாதிரியோ அரை மாதிரிதான். பட்டியலில் இல்லாத புல் எதிர்ப்படுவது நிச்சயமாகையால், “புற்குடும்பத்தைச் சேர்ந்த வேறு இனங்களும்” என்ற வரியையும் சேருங்கள்.

தமிழில் எழுதுவது உங்கள் உரிமை. ஆயினும் பத்தரமுல்லைக்கு அனுப்பும் கடிதத்தோடு சிங்கள அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றையும் இணைத்துவிட்டால், மொழிபெயர்க்க ஆளில்லை என்ற காரணத்தில் கோப்பு கிடப்பது தவிரும். பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோப்பில் வையுங்கள்.

அனுமதி கிடைத்ததும் வேலை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். தலைமையகம் அனுமதித்தது களத்திலுள்ள பிரிவு அலுவலகத்துக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்காது. பிரதியை நீங்களே கொண்டுபோய், பொறுப்பு உத்தியோகத்தரிடம் கொடுத்து, இன்னொரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் தகவல் கடிதம் போதும். கையில் எப்போதும் ஒரு கோப்பு இருக்கட்டும்: அனுமதியின் பிரதிகள், பொறுப்பாளரின் கடிதம், அடையாள அட்டை. படைமுகாம்களை அண்டிய குளங்களில் கைத்தொலைபேசியால் படம் எடுப்பவரையும் ஆள்கூறு குறிப்பவரையும் மறித்து விசாரிப்பார்கள். அப்போது கோப்பு பேசட்டும். முகாம் இருக்கும் திசையில் படம் எடுக்காமலிருப்பதே புத்தி.

வெளிநாட்டு உலர்தாவரகத்துக்குப் பிரதி மாதிரி அனுப்புவது இதிலெதிலும் அடங்காது. அதற்கு வேறு ஏற்றுமதி அனுமதியும் தாவரத் தொற்றுநீக்கச் சான்றிதழும் வேண்டும். முதன்முறை எடுப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

4. மண்ணில் கை வைக்கும் முன்

பிற மாவட்டங்களுக்கு எழுதப்படும் வழிகாட்டிகளில் இந்தப் படி இருக்காது. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. புல்லை வேரோடு எடுப்பதென்றால் மண்ணைக் கிளற வேண்டும். ஆகவே, நீங்கள் போகும் இடம் துப்பரவாக்கிக் கையளிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடமும், அங்கே மாடு மேய்ப்பவர்களிடமும், கிளிநொச்சியிலுள்ள பிராந்திய கண்ணிவெடி நடவடிக்கை அலுவலகத்திடமும் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் போகக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். பலகை இல்லாததைப் பாதுகாப்பின் அடையாளமாகக் கொள்ளக்கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெள்ளம் வெடிபொருளை இடம்மாற்றும், பலகையையும் சாய்க்கும். மாட்டுப் பாதையையும் உழுத நிலத்தையும் விட்டு விலகாதீர்கள். இரும்போ பிளாத்திக்கோ, அறியாத பொருள் எதுவானாலும் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிப் போய் அறிவியுங்கள். சந்தேகமுள்ள இடத்தில் எவ்வளவு அரிய புல் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள்.

குளங்களில் முதலை உண்டு. நீர் வற்றும் காலத்தில் சேற்றோரத்தில் படுத்திருக்கும். காட்டையொட்டிய அலைகரைகளுக்கு மாலையானால் யானை வரும். காலை 7 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் 3 மணிக்கு முன் வெளியேறிவிடுவதும், ஊரவர் ஒருவரைக் கூட்டிப்போவதும் போதிய காவல்.

5. காலத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்

வாடைக்காற்று மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை பெய்யும். அப்போது தரவை நீரில் நிற்கும். புல் இருக்கும், போக வழியிருக்காது, போனாலும் உலராது. நீர் வடியத் தொடங்கும் பெப்ரவரியும் மார்ச்சும் அலைகரைப் புற்களுக்கு மிக நல்ல காலம். காலபோக அறுவடை முடியும் தறுவாயில் வயல் வரம்புப் புற்களும் கதிரோடு நிற்கும். சோளகம் வீசும் ஜூன், ஜூலையில் தரவையில் மாடு விட்டுவைத்த அடிக்கட்டைதான் மிஞ்சும். ஆனால் வற்றிய குளத்தின் உட்பரப்பில் வேறு புற்கள் அப்போதுதான் தலைகாட்டும்.

எனவே பெப்ரவரியில் எடுக்க வேண்டுமென்றால் விண்ணப்பம் முந்திய ஓகஸ்டிலேயே போயிருக்க வேண்டும். பத்தரமுல்லை அனுமதிக்கு வாரக்கணக்கை நம்பாதீர்கள், மாதக்கணக்குப் போடுங்கள். மழைக்காலத்தில் விண்ணப்பித்துப் பூக்கும் காலத்தில் பதிலுக்குக் காத்திருந்தவர்கள் ஒரு முழு வருடத்தை இழந்திருக்கிறார்கள். அந்த இடைவெளியை வீணாக்காமல், சொந்த வளவிலும் உறவினர் வயலிலும் அறுகையும் கோழிக்குப் பிடுங்கிப் போடும் களைப்புற்களையும் வைத்து அழுத்தப் பழகிக்கொள்ளுங்கள்.

6. சாமான்களும் செலவும்

அழுத்துபலகை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. 45 சென்ரிமீற்றர் நீளமும் 30 சென்ரிமீற்றர் அகலமுமான இரண்டு ஒட்டுப்பலகைத் துண்டுகளை மரக்காலையில் அறுத்து வாங்கி, சுமை கட்டும் பட்டி இரண்டைச் சேர்த்தால் வேலை முடிந்தது. அலை மடிப்புள்ள காட்போட் மட்டைகளைக் கடைகளில் கேட்டால் சும்மா தருவார்கள். மடிப்பின் துளைகள் குறுக்கே ஓடும்படி வெட்டுங்கள், அவற்றின் வழியே காற்றுப் போனால்தான் உலரும். பழைய பத்திரிகைகள் நினைப்பதைவிட மூன்று மடங்கு வேண்டியிருக்கும். வழுவழுப்பான சஞ்சிகைத் தாள் ஈரம் உறிஞ்சாது. ஒரு சிறு அலவாங்கு அல்லது உறுதியான கத்தி, பென்சில், கெட்டி அட்டைக் குறிப்பேடு, கட்டித் தொங்கவிடும் இலக்கச் சீட்டுகள், பொலித்தீன் பைகள், பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை. இவற்றுள் சற்று விலையானது வில்லை ஒன்றுதான். அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம், புல்லின் சிறுகதிரை வெறுங்கண்ணால் படிக்க இயலாது.

பணம் கரைவது பயணத்தில். தரவைக்குள் போக ஓட்டோ பெரும்பாலும் உதவாது. ஈரக்காலத்தில் லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர உழவு இயந்திரம்தான் போகும், அதற்கு அரைநாள் வாடகையும் எரிபொருளும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கூட்டிப்போகும் ஊரவருக்கு அந்தப் பருவத்து நாட்கூலியைக் குறையாமல் கொடுங்கள். அறுவடை நாட்களில் கூலி உயரும் என்பதைக் கணக்கில் சேருங்கள். பேராதனைக்குப் போய்வருவதும் ஒரு செலவு. ஏ-9 வீதியில் தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக்குப் போகும் பேருந்தில் பொதியை மடியில் வைத்திருக்கக்கூடிய அளவுக்குக் கட்டினால் தனி வாகனம் வேண்டாம். அனுமதிக் கட்டணம், பூங்கா நுழைவுச்சீட்டு ஆகியவை மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்த அலுவலகத்தில் அன்றைய தொகையைக் கேட்டுச் செலுத்தி, அச்சிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் எந்தக் காசும் கொடுக்காதீர்கள்.

7. சரியான செடியை, சரியான நிலையில் எடுங்கள்

முதலில் அது புல்தானா என்று பாருங்கள். தண்டை விரலிடையில் உருட்டும்போது மூன்று விளிம்பு தட்டுப்பட்டு, உள்ளே சோறு நிறைந்திருந்தால் அது கோரைக் குடும்பம். புல்லின் தண்டு உருண்டு, கணுக்களோடு, பெரும்பாலும் உள்ளே பொள்ளலாக இருக்கும்.

கதிரில்லாத புல்லை எடுக்காதீர்கள். உவர்த்தரவையில் படர்ந்து கிடக்கும் மூன்று நான்கு இனங்கள் இலையளவில் ஒன்றையொன்று ஒத்திருக்கும். கதிர் வந்தால் குழப்பமில்லை. மெல்லிய ஒற்றைக் கதிராக நிமிர்ந்தால் ஸ்போரோபோலஸ் வர்ஜினிகஸ், கவட்டைபோல் இரண்டாகப் பிரிந்தால் பாஸ்பாலம் வஜைனாட்டம், உருண்டு திரண்ட மயிர்த்தலையாக இருந்தால் ஏலுரோபஸ், விரல்களாக விரிந்தால் அறுகு என்று ஓரளவு பிரித்துவிடலாம். வயலில் நெல்லோடு நிற்கும் எக்கினோகுளோவாவை, இலையுறையும் இலைப்பரப்பும் சேரும் மூட்டில் நெல்லுக்குள்ள மெல்லிய நாக்கு அதற்கு இல்லை என்பதைக் கொண்டு கமக்காரர் கதிருக்கு முன்பே கண்டுபிடிப்பார். அந்த மூட்டு சிதையாமல் மாதிரியில் தெரிய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கதிர் முற்றியிருக்கலாம், உதிரத் தொடங்கியிருக்கக்கூடாது. வேர், நிலத்தடித் தண்டு, நிலத்தில் ஓடும் தண்டு, அடியிலை, கதிர் அனைத்தும் வேண்டும். அலவாங்கை நேராக இறக்கி மண்ணோடு கிளப்பி, குளத்து நீரில் அலசி, ஈரத்தை உதறிவிடுங்கள். கரணை பெரிதானால் பிரித்து, தாளுக்கு அடங்குமளவே வையுங்கள். இருபது செடிக்கு ஒன்று என்ற கணக்குக்கு மேல் எடுக்க வேண்டாம். ஒரே இடத்தில் ஒரே நாளில் எடுத்த ஒரே இனத்தின் மூன்று தாள்கள் தேவை: பேராதனைக்கு ஒன்று, பொறுப்பாளரின் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. மூன்றுக்கும் இலக்கம் ஒன்றே.

8. நின்ற இடத்திலேயே எழுதுங்கள்

வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று விட்ட குறிப்பு வராது. உலர்ந்தபின் செடி சொல்லாதவற்றைத்தான் குறிப்பேடு சொல்ல வேண்டும்: உயரம், நிமிர்ந்ததா படர்ந்ததா, கதிரின் நிறம், மகரந்தப்பையின் நிறம், மண் களியா மணலா, மேலே உப்புப் பூத்திருக்கிறதா, நீர் எத்தனை விரல் ஆழம், கூடவே வளர்பவை எவை, மாடு மேய்ந்திருக்கிறதா, ஆங்காங்கே இரண்டொன்றா விரித்த பாய்போலப் பரந்ததா. ஊரவர் அந்தப் புல்லை எப்படி அழைக்கிறார்கள் என்பதைத் தமிழ் எழுத்திலேயே குறித்து, எந்த ஊரில் கேட்டீர்கள் என்பதையும் சேருங்கள். ஒரே புல்லுக்கு மாந்தையில் ஒரு பெயரும் ஒட்டுசுட்டானில் வேறு பெயரும் இருக்கலாம்.

இலக்கம் உங்கள் வாழ்நாள் முழுவதற்கும் ஒரே வரிசையாக ஓட வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஒன்றிலிருந்து தொடங்கினால், பத்து வருடத்துக்குப் பின் ஏழாம் இலக்கம் எது என்று உங்களுக்கே தெரியாது. செடியில் கட்டும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். பேனை மை ஈரத்தில் பரவும்.

இடம் எழுதுவதில்தான் அதிகத் தாள்கள் கெடுகின்றன. “புதுக்குளம் அருகே” என்பது வன்னியில் இடமே அல்ல. எத்தனை புதுக்குளம், எத்தனை பெரியகுளம்! மாவட்டம், பிரதேச செயலர் பிரிவு, கிராமம், குளத்தின் பெயர், துருசிலிருந்தோ வானிலிருந்தோ எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று பெரியதிலிருந்து சிறியதாக எழுதுங்கள். படம் ஏதுமின்றி இன்னொருவர் அங்கே போய் நிற்க முடிய வேண்டும்.

ஆள்கூறை பாகையின் தசமமாக, நான்கு தசம இடம் வரை எழுதுங்கள். நான்காம் இடம் ஏறத்தாழ 11 மீற்றர், அதற்கு மேல் கைத்தொலைபேசி காட்டும் இலக்கங்கள் வெறும் அலங்காரம். தசமத்தையும் கலையையும் கலக்காதீர்கள். ஆனையிறவை அண்டிய 9.50 என்ற வட அகலக்கோட்டை ஒருவர் 9 பாகை 50 கலை என்று வாசித்தால், உங்கள் புல் ஏறத்தாழ 37 கிலோமீற்றர் வடக்கே, பருத்தித்துறையை அண்டிய கடலில் போய் முளைக்கும். கைத்தொலைபேசி பயன்படுத்தும் ஆள்கூற்று முறையான டபிள்யூஜிஎஸ் 84 என்பதையும் குறியுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய படங்களிலுள்ள கட்ட எண்கள் வேறு முறையில் அமைந்தவை. திகதியில் மாதத்தை இலக்கமாக எழுத வேண்டாம். 03/04 என்பது ஒருவருக்கு மார்ச், இன்னொருவருக்கு ஏப்ரல்.

9. அழுத்தி உலர்த்துங்கள்

பத்திரிகைத் தாளுக்குள் அன்றே வைத்துவிடுங்கள். மாலைக்குள் இலை சுருண்டுவிடும். தாளைவிட நீண்ட புல்லை வெட்டாமல் ஒரு மடிப்பாகவோ இரண்டு மூன்று மடிப்பாகவோ கோணலாக மடக்கி, மடிப்பு விரியாதபடி கீறிய கடுதாசித் துண்டொன்றைச் செருகுங்கள். முதல் நான்கு நாட்கள் தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். வெயிலில் பலகையோடு வைக்கலாம். திறந்து வைத்தால் நிறம் போகும், நொறுங்கும். கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மழை பிடித்துக்கொண்டால், பத்திரிகைத் தாளோடு கட்டைத் தடித்த பொலித்தீன் பையில் இட்டு, மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டை நனையுமளவு ஊற்றி இறுகக் கட்டிவிட்டால் சில வாரங்களுக்குப் பூஞ்சணம் அணுகாது. நிறம் மாறும், ஆகவே நிறத்தை முன்பே எழுதியிருக்க வேண்டும். தீயிலிருந்து விலக்கி வையுங்கள்.

உலர்ந்தபின் வண்டு. காற்றுப்புகாத பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைகூட்டில், மறை 18 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே, ஒரு வாரத்துக்குக் குறையாமல் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். அறை வெப்பநிலைக்கு வருமுன் திறந்தால் தாளில் நீர் கட்டும். உலகெங்கும் உலர்தாவரகங்களில் பழைய தாள்களுக்கு பாதரசச் சேர்மங்களான நஞ்சு பூசும் வழக்கம் இருந்தது. அவற்றைப் புரட்டிப் பார்க்க நேர்ந்தால் கையைக் கழுவாமல் சாப்பாட்டைத் தொடாதீர்கள்.

10. லேபலும் உதிரி உறையும்

லேபலை ஆங்கிலத்தில் அச்சிடுவதே உலர்தாவரக வழக்கம். ஊர்ப்பெயரைத் தமிழிலும் சேர்க்கலாம். குறிப்பேட்டிலுள்ள எல்லாம் அதில் வர வேண்டும். அனுமதிக் கடிதத்தின் இலக்கத்தையும் கடைசி வரியில் இடுங்கள். பெயர் உறுதியில்லாவிட்டால் பேரினத்தோடு நிறுத்துங்கள், அதுவும் ஐயமென்றால் “புற்குடும்பம்” என்று மட்டும் எழுதுங்கள். தவறான பெயர் வெற்றிடத்தைவிடத் தொல்லை. இலங்கைத் தாவரங்களை விவரிக்கும் திருத்திய கைந்நூல் வரிசையில் 1994இல் வெளிவந்த எட்டாம் தொகுதி புற்களுக்கானது. பல்கலைக்கழக நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

உதிர்ந்த சிறுகதிர்களைக் குப்பையென்று தட்டிவிடாமல், சிறு கடுதாசி உறையிலிட்டு இலக்கம் எழுதித் தாளோடு வையுங்கள். குளங்களில் தானாக வளரும் காட்டு நெல் போன்றவை தொட்டாலே உதிரும். பின்னாளில் பெயர் காண்பவருக்கு அந்த உறைதான் கைகொடுக்கும். தாளில் ஒட்டும் வேலையை உலர்தாவரகத்திடமே விட்டுவிடுங்கள். பிளாத்திக் ஒட்டுநாடா எக்காரணத்துக்கும் கூடாது.

11. பேராதனைக்குக் கொண்டுபோவது

சொல்லாமல் போகாதீர்கள். எத்தனை தாள், எந்த இனங்கள், எந்த அனுமதியின் கீழ் எடுத்தவை என்று முன்கூட்டி எழுதி, அவர்கள் தரும் நாளில் போங்கள். அனுமதிப் பிரதி இல்லாத மாதிரியைக் கொண்டுபோய் நின்று எவரையும் சங்கடப்படுத்த வேண்டாம். காட்போட் மட்டைகளுக்கிடையே வைத்து, நாற்புறமும் கட்டி, பொலித்தீனால் மூடி, பேருந்தின் மேல்தட்டிலோ பின்பெட்டியிலோ போடாமல் கொண்டுபோங்கள். தாள்களின் பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்குங்கள். ஒவ்வொரு தாளுக்கும் உலர்தாவரகம் இடும் சேர்ப்பு இலக்கம் அன்றைக்கே கிடைக்காது; கிடைத்ததும் குறிப்பேட்டில் உங்கள் இலக்கத்துக்கு எதிரே பதியுங்கள்.

12. கொடுத்தபின் செய்ய வேண்டியவை

அனுமதி தந்த திணைக்களத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அனுமதிக் கடிதத்திலேயே அதற்கான காலக்கெடு இருக்கும். எடுத்த இனங்கள், எண்ணிக்கை, இடம், வைத்துள்ள இடம் ஆகியவை இரண்டு பக்கத்துக்குள் போதும். அடுத்த வருடம் விண்ணப்பிக்கும்போது முதலில் கேட்கப்படுவது இந்த அறிக்கைதான். கமக்கார அமைப்புக்கும் தமிழில் ஒரு பிரதி கொடுங்கள்.

பெயரைப் பின்னர் ஒரு நிபுணர் மாற்றினால், அந்தத் திருத்தம் தாளில் தனிச் சீட்டாக ஒட்டப்படும். முதல் லேபலில் எவரும் கை வைப்பதில்லை. உங்களிடமுள்ள தாளிலும் அப்படியே செய்யுங்கள்: பழைய பெயரை அழிக்காமல், புதிய பெயர், திருத்தியவர், வருடம் ஆகிய மூன்றையும் ஒரு சிறு சீட்டில் எழுதி அருகே ஒட்டி, பல்கலைக்கழகத்தில் இருக்கும் தாளுக்கும் அதே சீட்டின் பிரதியை அனுப்பிவிடுங்கள்.